ஆடமுக்கு ஒதுக்கிய பக்கம்

“நம்ம மாடிப்படியில குடியிருக்கிறவங்கள்ல யாரோ நம்ம கழுத்தை அறுத்துட்டாங்க, செங்கா!”

பஸ் ஏறியதிலிருந்து ஆர்ச்சி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். கிளாஸ்கோ மாநகராட்சித் தேர்தலில் அவன் மனைவி செங்கா யங் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போய், இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மறுபடி எண்ணச் சொல்லியும் பார்த்தாயிற்று. மெஷின் மனசு மாறவில்லை.

ஜெயித்தவன் எதிர்க்கட்சிக்காரனாக இருந்தாலாவது வாய் வலிக்கத் திட்டித் தீர்க்கலாம். ஜெயித்ததோ சொந்தக் கட்சியின் இன்னொரு வேட்பாளர், கென்னத் ஆடம்.

ஒரு வார்டுக்கு நாலு கவுன்சிலர்; கடைசி இடத்துக்கு இவர்கள் இருவருக்கும்தான் போட்டியாகிவிட்டது. பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று எண் போட வேண்டும். ஓட்டுச் சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் இருக்குமா, ஒரே கட்சியில் இருவர் நின்றால் ஜனங்கள் மேலே தெரிகிற ஆடமுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, அடியில் கிடக்கிற யங்கை மறந்தே போவார்கள். அதனால் கட்சி வார்டை இரண்டாகப் பிரித்து, ‘இந்தப் பாதிக்காரர்கள் இவருக்கு ஒன்று, அந்தப் பாதிக்காரர்கள் அவருக்கு ஒன்று’ என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கும்.

இந்த முறை வார்டு எல்லையையே மாற்றி, மோட்டார் சாலைக்கு அப்பால் இருந்த தெருக்களையும் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள். கட்சிக்காகப் பாதி பிரித்துக் கொடுத்தது ஆர்ச்சிதான். கணக்குச் சரியாக வர வேண்டுமே என்று தன் தெருவின் நடுவிலேயே கோட்டை இழுத்தான். எதிர்வரிசை செங்காவுக்கு. அவர்கள் குடியிருக்கும் வரிசை ஆடமுக்கு.

“கோடு போட்டதே நீதானே? நம்ம வரிசைக்காரங்க ஆடமுக்குப் போட்டா அது எப்படி துரோகம்?” என்றாள் செங்கா.

ஆர்ச்சி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “கோடெல்லாம் ஊருக்கு. நம்ம மாடிப்படியில இருக்கிற ஏழு வீட்டுக்கும் காதோட காதா சொல்லி வச்சிருந்தேன். ‘நோட்டீஸைத் தூக்கிக் குப்பையில போடுங்க, செங்காவுக்கே ஒண்ணு போடுங்க’ன்னு. ஏழு வீடும் தலையாட்டுச்சு.”

“எப்போ சொன்ன?”

“நீ எதிர்வரிசையில ஓட்டு கேட்டுக்கிட்டிருந்தப்ப. உன் காதுல விழுந்தா விடுவியா? நியாயத்துக்குக் கூடப்பிறந்தவளாச்சே நீ!”

“தப்பு, ஆர்ச்சி.”

“தப்பா? வீட்டுக்குப் போய் காலின் முகத்தைப் பார்த்துச் சொல்லு.”

செங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலின் அவர்களுடைய ஒரே மகன். முப்பது வயது, மனசுக்கு ஆறு வயது. அவன் போகிற பகல்நேர மையத்தில் சாப்பாட்டு மேசையில் கரண்டி அடுக்கும் வேலை அவனுடையது. அந்த மையத்தை மூடுவதா வேண்டாமா என்று அடுத்த மாதம் மாநகராட்சியில் கை தூக்கப் போகிறார்கள். இழுபறிதான். வேண்டாம் என்று ஒரு கை கூடுதலாகத் தூக்கத்தான் செங்கா தேர்தலில் நின்றாள். ஆடமோ, மூடினால் செலவு மிச்சம் என்று வெளிப்படையாகவே பேசுகிற ஆள். இனி அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது.

“நம்ம மாடியில எதிர்வீட்டுப் பிரைடிதான்! சந்தேகமே இல்ல. அவ வீட்டுச் சுவர் ஈரத்துக்கு ஆள் அனுப்பி வச்சது ஆடம். அந்த நன்றி!” என்று எழுந்தான் ஆர்ச்சி. நிறுத்தம் வந்திருந்தது.

“வேணாம், ஆர்ச்சி. மையமும் போச்சு. இனிமே நாம வேலைக்குப் போனா காலினைப் பார்த்துக்க அவளை விட்டா யாரு இருக்கா?”

அவன் காதில் வாங்கவில்லை. மழையில் நனைந்தபடி விடுவிடுவென்று நடந்து, மாடிப்படியேறி, எதிர்வீட்டுக் கதவை இடித்தான்.

பிரைடி கதவைத் திறந்தாள். பின்னால் காலின், கையில் பாதி கடித்த ரொட்டியோடு. “அம்மா ஜெயிச்சாச்சா? இனிமேயும் மையம் உண்டா?”

“கிடையாதுடா! இந்தத் துரோகியைக் கேளு, ஏன்னு சொல்லுவா!”

பிரைடி நெஞ்சில் கை வைத்தாள். “என்னையா சொல்ற? நீ சொன்னபடிதான் ஆர்ச்சி போட்டேன். செங்காவுக்கு ஒண்ணு. செத்துப்போன என் புருஷன் மேல சத்தியம்!”

“நடிக்காத! ஒரு ஓட்டு, ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தா என் புள்ளை பிழைச்சிருப்பான். உன்னை நம்பி இவனை விட்டுட்டுப் போனேனே! இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டான். வாடா!”

கையைப் பிடித்து இழுத்ததில் ரொட்டி கீழே விழுந்தது. காலின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். மேல்மாடியில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. “நாங்களும் செங்காவுக்குத்தான் போட்டோம் ஆர்ச்சி, எல்லாருமே போட்டோம்” என்று ஒரு குரல் கெஞ்சியது.

“அப்போ அந்த ஒரு ஓட்டு எங்கே போச்சு?” என்று படிக்கட்டே அதிரக் கத்தினான் ஆர்ச்சி.

செங்கா நனைந்த கோட்டோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அவளை விடு, ஆர்ச்சி. ஏழு வீட்டுக்கும் சொன்ன நீ, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே... நம்ம வீடு ஆடம் பக்கமாச்சேன்னு, நான் அவருக்குத்தான் ஒண்ணு போட்டேன்.”