வெள்ளை முகமூடி

குஜராத்தின் தான்கட் ஊரிலுள்ள இந்தப் பீங்கான் ஆலையில் தேநீர் மணி அடிக்கிறது. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் களிமண் தூசி மெதுவாகச் சுழல்கிறது. பெண்கள் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சாசரில் தேநீர் ஊற்றிக்கொடுக்கிறார்கள். சோதனைக்கு வந்த அரசு ஆய்வாளன் நான்; ஆலையில் எதையும் குடிக்கக்கூடாது. என்னை யாரும் கூப்பிடுவதில்லை. தூணோரம் நின்று, கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கிறேன். "தினமும் வாங்க சாகேப்! நீங்க வர்ற அன்னிக்குத்தான் இந்த முகமூடியைக் கண்ணுல காட்டுறாங்க" என்று இருமலுக்கிடையே சிரிக்கிறாள் அவர்களில் ஒருத்தியான ரமீலாபென். முகமூடியைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறாள். புதிது மாற்றுகிறார்களா என்று அறிய, போன வருடச் சோதனையில் நான் பேனாவால் வைத்த நீலப் புள்ளி அதன் ஓரத்தில் இருக்கிறது. அதைத் தவிர அந்தத் துணியில் ஒரு கறையும் இல்லை.