அறுபதாவது புழு

ஜன்னல் வெளிச்சத்தில் அறுபது சிறு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும், புழுவைக் கொல்லும் மரபணு ஏற்றிய பருத்தியின் இலைத்துண்டு ஒன்று, அதைத் தின்னவிட்ட காய்ப்புழு ஒன்று. ஐந்தாம் நாளான இன்று ஆராய்ச்சியாளர் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். ஐம்பத்தொன்பதும் செத்துக் கிடக்கின்றன. அறுபதாவதும் அசையவில்லை. இந்தப் பருத்தியை உருவாக்க ஒன்பது வருஷ உழைப்பு. 'செத்தவை: அறுபது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துக்குக் குனிகிறார். "கொஞ்சம் பொறுங்க மேடம்," என்று டப்பாவைக் கண்ணருகே தூக்குகிறார் ஆய்வகத்தில் புழு வளர்க்கும் அக்கா. "மத்ததெல்லாம் கருத்துச் சுருங்கிக் கெடக்கு. இது மட்டும் பளபளன்னு இருக்கே! தோலுரிக்கப் போற புழுவும் இப்படித்தான் அசையாம கெடக்கும்." ஆராய்ச்சியாளர் டப்பாவை வாங்கி மேசைமேல் வைக்கிறார். மின்விசிறியை நிறுத்துகிறார்கள். பேனா மூடாமலே கிடக்கிறது. மெல்ல, மிக மெல்ல, புழுவின் கறுத்த தலைக்கூடு முகமூடிபோல் கழன்று இலைமேல் விழுகிறது. உள்ளேயிருந்து அதைவிடப் பெரிய, வெளிறிய தலை நிமிர்கிறது. "இந்த இலையத் தின்னே வளந்திருக்கு, மேடம்."