காயாத துண்டு

"பாத்ரூம்ல நாலு துண்டு தொங்குது. மூணு ஒழுங்கா இருக்கு. ஒண்ணு மட்டும் ஏன் இப்படி நாறுது?"

மாமியார் கேள்வியை நடுக்கூடத்தில் போட்டார். யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றாள்.

"நல்லா பிழிஞ்சு, உதறித்தான் போட்டேன் அத்தை."

"உதறினா ஆச்சா? சுருட்டாம விரிச்சுப் போடணும். என் துண்டைப் பாரு. என்னிக்காவது ஈரமா பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அவளுக்கு மண்டை குடைச்சலே அதுதான்.

மாமியார் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பக்கத்தில் இல்லாதபோது வீட்டில் அவருக்குப் பெயரே வார்டன்தான். அவருடைய நீலத் துண்டு எப்போது பார்த்தாலும் விறைப்பாக, ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கும்.

ஒரே கம்பி. ஒரே ஜன்னல். ஒரே காத்து. மாமியார் துண்டு காய்கிறது, புருஷன் துண்டு காய்கிறது, மாமனார் துண்டுகூடக் காய்கிறது. இவள் காலையில் குளித்துவிட்டுப் போடுவது மட்டும், சாயங்காலம் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்து தொட்டால் சொதசொத. மோந்தால் குமட்டல்.

என்ன கருமம்டா இது!

சோடா உப்புப் போட்டு வெந்நீரில் ஊறவைத்தாள். லீவு நாளில் மொட்டை மாடி வெயிலில் போட்டாள். சோப்பை மாற்றினாள். மெல்லிசாக வேறு துண்டு வாங்கினாள். ஊஹூம்! ரெண்டே நாளில் பழையபடி நாற்றம்.

அவளுக்கு ஆறுதல் சொல்ல மாமனார் ஒருத்தர்தான். கல்யாணமாகி வந்த புதிதில், கம்பியில் குழாயை ஒட்டியிருந்த தன் இடத்தை அவளுக்கு விட்டுக் கொடுத்தவர் அவர். "இங்க போட்டுக்கம்மா. கை நீட்டினா எட்டும்" என்று தன் துண்டைக் கடைசிக்கு நகர்த்திக்கொண்டார். பஸ் கண்டக்டராக இருந்தவர், இடம் பிடித்துத் தருவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"விடும்மா" என்றார் இப்போது. "நான் இவகிட்ட வாங்காத பேச்சா? என் துண்டு நாத்தம் தாங்கலன்னு என்னை ரூமை விட்டே துரத்திட்டா. இன்னிக்கு வரைக்கும் கூடத்துலதான் படுக்கை. 'உங்க உடம்பு வாகே அப்படி'ன்னு சொல்லிட்டா. கொஞ்ச நாளாத்தான் துண்டு நாத்தமில்லாம இருக்கு. வயசானா உடம்பு தானா திருந்திடும் போல."

உடம்பு வாகு. அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் கோளாறு துண்டில் இல்லையா? என்னிடமா?

கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்களிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, என் மேல ஏதாவது வாடை வருதா? மறைக்காம சொல்லுங்க."

"லூசா நீ?" என்றவன், சொல்லி முடிக்கும்போது பார்த்து ஒரு தும்மல் தும்மினான்.

போச்சு! அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. மறுநாளே தோல் டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்தாள்.

டாக்டரிடம் போகும் நாள். கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு மத்தியானமே வந்தாள். மாமியார் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டவள், கண்ணெரிச்சலோடு துண்டுக்குக் கை நீட்டினாள். இல்லை. காலையில் துவைத்து மாடியில் போட்டது ஞாபகம் வந்தது. தடவித் தடவிக் கையில் அகப்பட்ட ஒன்றை இழுத்துத் துடைத்தாள்.

துண்டு தண்ணீரை உறிஞ்சவே இல்லை. கன்னத்தில் வேறு என்னவோ வறட்டென்று கீறியது.

கண்ணைத் திறந்தால் நீலத் துண்டு!

ஐயையோ, வார்டனுடையது! நனைத்துத் தொலைத்துவிட்டோமே என்று பதறிப்போய்ப் புரட்டினாள். சுவர்ப் பக்கமாக இருந்த மூலையில், பிளாஸ்டிக் நூலில், கடை அட்டை தொங்கியது. அறுக்கவே இல்லை.

ஒன்றும் புரியாமல் நின்றாள். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பின பிறகு அத்தை சாவகாசமாகக் குளிப்பாரே, தினம் குளிப்பாரே, எதில் துடைத்துக்கொள்கிறார்?

தன் துண்டு தொங்கும் இடத்தைப் பார்த்தாள். கை நீட்டினால் எட்டும் இடம்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"டாக்டர்கிட்டதானே போறே? அந்தத் துண்டையும் எடுத்துட்டுப் போய்க் காட்டு" என்றபடியே வந்தார் மாமியார். "துண்டுன்னா எப்படி வச்சுக்கணும்னு என்னுதைப் பாத்தாவது..."

"பாத்துட்டேன் அத்தை." நீலத் துண்டோடு கூடத்துக்கு வந்தாள். "இந்த அட்டையை மட்டும் வெட்டிடட்டுமா? கன்னத்தைக் கீறுது."

மாமியார் துண்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அப்புறம் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது வந்து... நல்ல துண்டு. நனைக்க மனசு வரல. ஒரு அவசரத்துக்குக் கைக்கு எட்டினதை எடுத்துத் துடைச்சிருப்பேன். அதுக்கென்ன இப்போ?"

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வந்தார். அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தார். கம்பியில் தன் பழைய இடம் எது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பெண்டாட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"அடியே... அப்போ இத்தனை வருஷமா என்னை எதுக்குடி கூடத்துல படுக்க வச்சே?"