ஓப்பல் சுமக்கும் மாநிலம்

“எங்க வீட்டு ஓப்பல் இந்த மிசிசிப்பி மாநிலத்தையே தோள்ல சுமக்கப் போறா!” என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து முழங்கினாள் மளிகைக்கடை காசாளர் டெனீஷா.

வருமான வரியை ஒழித்து விற்பனை வரியை உயர்த்தும் மசோதாவோடு வந்திருந்த செனட்டர் ஹாஸ்கெல் குலுங்கிச் சிரித்தார். “அவங்களுக்கு என்னம்மா வேலை?”

“தின்னுட்டுத் தூங்குறதுதான், செனட்டரய்யா.”

“சம்பாதிக்காத சோம்பேறிக்கு ஏது வரி? அவங்க மேல ஒரு சென்ட் கூடுதலா விழுந்தாலும் மசோதாவை நானே கிழிச்சிடுறேன்!”

டெனீஷா தன் நான்கு மாதக் கைக்குழந்தை ஓப்பலைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். மறுகணம் மிசிசிப்பி ஆறே அங்கே பாய்ந்தது.

“ஐயோ, டயபர் மாத்தும்மா!”

“ஒரு நாளைக்குப் பத்து மாத்துறேன். ஒவ்வொண்ணு வாங்கும்போதும் உங்க கூடுதல் விற்பனை வரி உண்டா, இல்லையா?”

கூரை அதிரக் கைதட்டல். ஈர மடியோடு மசோதாவைக் கிழித்தார் செனட்டர்.

“உண்டும்மா... ஓப்பல்தான் சுமக்கிறா!”