அவர் இருக்கக்கூடிய ஊர்

"லிஸ்பன்ல படி ஜாஸ்தியா சார்?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு ஊர் ஊராக எடுத்துச் சொல்லி, டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் அது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு அதே நாற்காலி. உலகத்தில் எந்த ஊரில் எத்தனை மணிக்குக் குப்பை வண்டி வரும் என்பது வரை தெரியும். பிறந்த ஊரை விட்டு மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. காலையிலிருந்து இவள் எட்டாவது ஆள். தொண்டை வறண்டுவிட்டது, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"மேடும் பள்ளமுமான ஊரும்மா. எங்க போனாலும் படிதான். ஏன்?"

"அவருக்கு வலது முட்டி சரியில்ல. லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. மண்டி போட்டே வேலை செஞ்சு முட்டி போயிடுச்சு."

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்குப் படி ஏற முடியாதா? நல்ல கூத்து."

அவள் பேருக்குச் சிரித்தாள். சலவைக் கடையில் வேலை செய்கிறவள். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. மூன்றாவது முறையாக வருகிறாள். புருஷனை வேலைக்குக் கூப்பிட்டது மூன்று ஊர்களிலிருந்து. டோக்கியோ, லிஸ்பன், ஹெல்சின்கி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அவர் இருக்கக்கூடிய ஊரு எதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார். எனக்கு அது போதும்" என்பாள் ஒவ்வொரு தடவையும். தனக்கென்று ஒரு கேள்வி கேட்டதில்லை. கொடுத்து வைத்த மனுஷன் என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டார். அவர் வீட்டில் வாயைத் திறந்து கேட்டால்தான் ஒரு டம்ளர் தண்ணீர் வரும்.

"அவரையே ஒரு நாள் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா? எனக்கும் வாய் மிச்சம்."

"அவரால வர முடியாது சார்."

"சரி, கம்பெனியில கேட்டுப் பார்த்தீங்களா?"

"விவரம் தெரிஞ்ச ஒருத்தரை விட்டு மூணு இடத்துக்கும் ஃபோன் பண்ணச் சொன்னேன். அவர் பேரைச் சொன்னதுமே, அதெல்லாம் சொல்ல முடியாதுன்னு வெச்சுட்டாங்க."

"எல்லாக் கம்பெனியும் அப்படித்தான். ஆள் வேணுங்கிற வரைக்கும்தான் தேன் ஒழுகும்."

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு முடிவு பண்ணிடணும் சார். சேர்த்து வெச்சது ஒரு ஊருக்குத்தான் காணும். தப்பான ஊருக்குப் போயிட்டா அவ்வளவுதான். இன்னொரு தடவை என்னால முடியாது."

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சே முக்கால். ஆறு மணி பஸ் போனால் போனதுதான்.

"அப்போ கண்ணை மூடிட்டு டோக்கியோ போங்க. ரயில் நிமிஷம் தவறாது. எங்க பார்த்தாலும் மாடிக் கட்டடம், லிஃப்ட் வேலைக்குப் பஞ்சமே இல்ல."

"கூட்டம் எப்படி?"

"எள்ளு போட்டா எள்ளு விழாது."

"அவருக்குக் கூட்டம் ஆகாது சார். கல்யாணத்துக்குப் போனாகூட வாசல்லயே நின்னுட்டு வந்துடுவாரு."

"லிஸ்பன்ல படிதான் தொல்லை. மத்தபடி இதமான வெயிலு, கலகலன்னு பழகுற ஜனங்க. குடி போன அன்னிக்கே பக்கத்து வீட்டுல வந்து விசாரிப்பாங்க."

"என்னன்னு விசாரிப்பாங்க?"

"எந்த ஊரு, குடும்பம் எங்க, குழந்தைங்க எத்தனைன்னு. எங்கேயும் கேக்கறதுதானே."

"அப்போ அது இல்ல" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மிச்சம் இருந்தது ஹெல்சின்கி. அந்த ஊருக்கு அவளை அனுப்ப ஆலோசகருக்கு மனசு வரவில்லை.

"அது வேண்டாம்மா. குளிர்காலத்துல பகல்ங்கிறதே பேருக்குத்தான். ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் இருக்காது. பஸ் ஸ்டாப்புல நின்னாகூட நாலடி தள்ளித்தான் நிப்பாங்க. எதிர் வீட்டுல பத்து வருஷம் இருந்தாலும், நீ யாரு, எங்கேருந்து வந்தேன்னு ஒரு வார்த்தை வராது. இங்கேருந்து போன ஒருத்தர், செவுத்தோட பேசிட்டிருக்கேன்னு எனக்கு எழுதினாரு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களா?"

"செத்தாக்கூடக் கேக்க மாட்டாங்க."

"அந்த ஊருதான் சார்."

"ஏம்மா, இவ்வளவு சொல்லியும்..."

"எங்களுக்கு ஒரே பொண்ணு சார். அவ தவறிப்போனதைக்கூட அவர் தாங்கிக்கிட்டாரு. பார்க்கிறவங்கல்லாம் நிறுத்தி நிறுத்தி விசாரிச்சாங்க பாருங்க, அதைத்தான் அவரால தாங்க முடியல."

ஆலோசகருக்குத் தன் வாய்த்துடுக்கை நினைத்து வெட்கமாக இருந்தது. பஸ் போனால் போகட்டும் என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, டிக்கெட் படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஹெல்சின்கி. ரெண்டு டிக்கெட், இல்லையாம்மா?"

"ஆமா சார். எனக்குப் போக வர. அவருக்கு வர மட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படி டிக்கெட் கேட்டதில்லை. பாவம், அலுப்பில் வாய் குழறுகிறது என்று நினைத்தார்.

"மாத்திச் சொல்றீங்கம்மா. வர்றதுக்கு முன்னாடி அவர் போகணுமே?"

"அவர் போயி ஒன்றரை வருஷம் ஆச்சு சார்" என்றாள் அவள். "எந்த ஊருக்குன்னுதான் சொல்லிட்டுப் போகல."