மாமியாரின் இருமல்

“அத்தை, நாளைக்கே சளி டெஸ்ட் எடுத்துடுங்க.”

எதைச் சொல்லவே கூடாது என்று கணவன் கண்டித்து வைத்திருந்தானோ, அதை மருமகள் சொல்லியே விட்டாள்.

“எங்கம்மாவுக்கு நோயாளிப் பட்டம் கட்டுறியா? படிச்ச திமிர்!” கணவன் பாய்ந்தான்.

“சோரியாசிஸுக்கு நான் போடுற ஊசி எதிர்ப்பு சக்தியை அடக்கும். விடாம இருமுறவங்க பக்கத்துல இருக்காதேன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் கூடத்தானே இருந்தீங்க? இருக்கிறது ஒரே ரூம். ஜன்னலையும் சாத்திடுறீங்க. நான் எங்க போய் மூச்சு விடுறது?”

“அப்ப ஊசியை நிறுத்து. தோல்தான் பளபளன்னு ஆயிடுச்சே!”

கட்டிலில் துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள்.

“ஏன்டா, இவகிட்ட சொல்லவே இல்லையா? டெஸ்ட் எடுத்தாச்சும்மா. காசநோயாம், நான் சாப்பிடுற மாத்திரை அதுக்குத்தான். உன்னை உங்கம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லித் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீதான் போக மாட்டேன்னுட்டதா சொன்னானே!”

கணவன் தரையைப் பார்த்தான். “இவ போயிட்டா உன்னை யாரும்மா பார்த்துக்குவா?”

“பெத்த பிள்ளை நீங்க எதுக்கு இருக்கீங்க?” மருமகள் ஃப்ரிட்ஜிலிருந்த ஊசியை ஐஸ் பையில் வைத்தாள். “டாக்டர்கிட்ட இதைச் சொல்லாம அடுத்த ஊசி போட மாட்டேன். அத்தை, மாத்திரையை விட்டுடாதீங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கணவன் கூப்பிட்டது காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை.