முனியாயி சொன்னது

முனியாயி அழுதபடியே எழுந்து வந்து இங்கிரிட் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைக்கார அம்மாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள்.

பென்னாகரத்தைத் தாண்டி, காட்டை ஒட்டிக் கிடந்த சின்ன ஊர் அது. இங்கிரிட், நார்வேயில் பணம் திரட்டி இங்கே இயற்கை விவசாயத்துக்கு அனுப்பும் தொண்டு நிறுவனத்தின் தலைவி. தங்கள் மாதிரிப் பண்ணையைப் பார்க்க வந்திருந்தார். அவரை வரவேற்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'தண்ணீரைக் காப்போம்' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

இங்கிரிட்டுக்குத் தமிழ் தெரியாது. முனியாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டும் தெரிந்த சத்யராஜ் நடுவில் நின்றான், சட்டை முதுகோடு ஒட்டிப்போக.

"என்ன சொல்கிறார்?" என்று இங்கிரிட் கேட்டார்.

முனியாயி சொன்னது இதுதான்: "பண்ணையில போட்ட அந்த சோலார் போர் மோட்டார நிறுத்தச் சொல்லுங்க தம்பி. வெயிலு அடிச்சா ஓட ஆரம்பிக்குது, பொழுது சாயற வரைக்கும் நிக்கறதே இல்ல. அது வந்த பொறவு ஊர்க் கெணறு வறண்டு போச்சுங்க. கரட்டு மேட்டுக்கு அந்தாண்ட போயி தண்ணி கொண்டாறோம். எம் மருமவ கொடத்தோட சறுக்கி வுளுந்து, வயித்துல இருந்தது கலைஞ்சு போச்சுங்க."

கை காட்டிய இடத்தில் மருமகள் ஜெயபிரியா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

சத்யராஜ் அந்த நிறுவனத்தில் சம்பளத்துக்கு மொழிபெயர்க்கிறவன். காலையில் ஜீப்பில் வரும்போதே பண்ணை மேனேஜர் ரஞ்சித்குமார் அவனிடம் சொல்லிவிட்டார். "அந்தம்மா மனசு கோணுச்சுன்னா புராஜெக்ட்டே க்ளோஸ். நீயும் நானும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

மூட்டையைக் கட்டிக்கொண்டு அவன் எங்கே போவான்? எம்.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பெங்களூருவில் ஒரு கிரானைட் பட்டறையில் கிடந்தவன். கல் தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு இரைக்கிறது. இன்னொரு தடவை அந்தத் தூசிக்குள் போனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெஞ்சு நோகாமல் செய்கிற வேலை என்று இந்த உலகத்தில் அவனுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்.

"நன்றி சொல்கிறார் மேடம்," என்றான் இங்கிலீஷில். "சோலார் போர் வந்த பிறகுதான் ஊரே பிழைத்ததாம்."

"அந்தப் பெண்ணை ஏன் காட்டினார்?"

"அவர் மருமகள். பண்ணைக் காய்கறி சாப்பிட்டு உடம்பு நன்றாகத் தேறிவிட்டதாம்."

சொல்லிவிட்டான். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இங்கிரிட் போய் ஜெயபிரியாவின் கன்னத்தை ஆசையாகத் தட்டிச் சிரித்தார்.

முனியாயி திருதிருவென்று விழித்தாள். "வுளுந்தத சொன்னா சிரிக்கறாங்களே தம்பி? சரியாத்தான் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேங்கக்கா. பாத்து செய்யறேங்கறாங்க."

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா காசியம்மாள். ஒதுங்கிப் போய்ப் பேசினான்.

"ஏப்பா, தண்ணி லாரிக்குச் சொல்லியிருக்கியாமே? வேணாம்ப்பா. ஊரு பூரா காஞ்சு கெடந்தாலும் நம்ம வூட்டுக் கெணத்துல தண்ணி நிக்குது. அக்கம்பக்கமெல்லாம் நம்மகிட்டதான் மொண்டுட்டுப் போவுது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இங்கிரிட் பக்கத்திலேயே நின்றார். "யார், வீட்டிலிருந்தா?"

"அம்மா, மேடம். தண்ணீர் விஷயம்."

"உன் ஊரிலுமா தண்ணீர்க் கஷ்டம்?"

"ஆமாம் மேடம், ரொம்பக் கஷ்டம்." எப்படியாவது பேச்சு முடிந்து அவரைக் காரில் ஏற்றினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

ஆனால் இங்கிரிட் மைக்கைக் கையில் வாங்கினார். சத்யராஜ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். புராஜெக்ட் தொடரும் என்று அவர் அறிவித்ததும், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ரஞ்சித்குமார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வேலை தப்பியது. அன்றைக்கு முதல் முறையாக சத்யராஜ் ஒழுங்காக மூச்சு விட்டான்.

இங்கிரிட் இன்னும் முடிக்கவில்லை. அவன் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தாயின் கண்ணீரைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த சோலார் போர், இதைவிடப் பெரியது, சத்யராஜின் ஊரில். அவன் அம்மாவின் வீட்டு வாசலிலேயே போடப்போகிறோம். இது அவனுக்கு என் பரிசு!"

வேண்டாம் மேடம் என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் சொன்னால், அன்றைக்கு அவன் சொன்ன அத்தனையும் பொய் என்று ஆகிவிடும். ரஞ்சித்குமார் விழுந்து விழுந்து கை தட்டினார். அட்டை பிடித்த பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள்.

"என்னங்க தம்பி சொல்றாங்க?" முனியாயி அவன் கையைத் தொட்டுக் கேட்டாள்.

சத்யராஜ் அவளிடம் ஒரு வார்த்தை விடாமல், ஒன்றையும் மாற்றாமல் சொன்னான்.

முனியாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் இவ்வளவு நேரம் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்க ஆத்தாளுக்கும் ஒரு கொடம் வாங்கிக் குடுத்துடுங்க தம்பி."